சொன்ன ஆள் வேறு

எங்கள் சித்தப்பாவிடம் யாரும் "நீங்கள்தானே சொன்னீர்கள்" என்று பேச்சை ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பித்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டு, வெகு பொறுமையாக, "சொன்னது யாரு?" என்று கேட்பார். கேட்டவர் கதை அத்தோடு முடிந்தது. "நீங்கதான்" என்று யாராவது அப்பாவியாகப் பதில் சொல்லிவிட்டால் சித்தப்பாவின் முகத்தில் ஒரு இரக்கம் வரும். படிக்காதவர்களைப் பார்த்துப் படித்தவர்களுக்கு வருகிற இரக்கம். அதற்கப்புறம் அரை மணி நேரம் அவர் பேசுவதைக் கேட்க வேண்டியிருக்கும்.

இந்தச் சாமர்த்தியம் அவருக்குப் பிறவியிலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு ஒரு அந்தஸ்து கிடைத்தது மயிலாப்பூரில் ஒரு சபாவில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நடந்த தத்துவச் சொற்பொழிவுகளால்தான். அனுமதி இலவசம், பின்பக்கம் கேன்டீன். அடை அவியலுக்காகப் போனவர் தத்துவத்தையும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். காலையில் வைத்த ரசத்தில் பத்து மணிக்குக் கொஞ்சம், பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் என்று விளாவிக்கொண்டே இருந்தால், மூன்று மணிக்குப் பாத்திரத்தில் இருப்பது காலையில் வைத்த ரசம்தானா என்று பேச்சாளர் கேட்டாராம். மயிலாப்பூர்க்காரர்களுக்குப் புரிகிற உதாரணம். மனிதனும் அப்படித்தான், உடம்பில் செல் மாறிக்கொண்டே இருக்கிறது, நினைப்பு மாறிக்கொண்டே இருக்கிறது, நேற்று இருந்தவன் இன்று எங்கே என்று சித்தப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விளக்கினார். என் அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, எந்த ரசமானாலும் அதில் உப்பு அதிகம் போட்டது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றாள். சித்தப்பா அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பேச்சாளர் மேலே என்ன சொன்னாரோ தெரியாது. மாறினாலும் தொடர்கிறது ஏதோ ஒன்று என்று பிற்பாதியில் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பிற்பாதியில் கேன்டீனில் கூட்டம் குறைவாக இருக்கும் என்பது சித்தப்பாவுக்குத் தெரியும்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் நாங்கள் இரண்டாவது மாடி, சித்தப்பாவும் சித்தியும் முதல் மாடி. அப்பாவின் ஒரே தம்பி அவர். குழந்தைகள் இல்லை. அதனால் நான் பாதி நாள் அங்கேதான் வளர்ந்தேன். இரண்டு படுக்கையறையில் ஒன்று சித்தப்பாவின் படிப்பறை. அதில் ஒரு மேஜையும், துணி உலர்த்துவதற்குப் பயன்பட்ட ஒரு உடற்பயிற்சி சைக்கிளும் இருந்தன. அவர் அங்கே படித்து நான் பார்த்ததில்லை. மத்தியானம் தூங்குவார்.

அப்படி ஒரு மத்தியானம் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப் போனார். அன்று மோட்டார் அவருடைய முறை. மாடித் தொட்டி வழிந்து, படிக்கட்டு வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழ்வீட்டு மாமி வெயிலில் காய வைத்திருந்த வடகம் எல்லாம் கரைந்து போயிற்று. மாமி மேலே வந்து நியாயம் கேட்டாள். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்தார். மோட்டாரைப் போட்டவருக்கு விஷயம் தெரிந்திருந்தது, ஆனால் அவர் தூங்கிவிட்டார். எழுந்தவருக்கு மோட்டார் விஷயமே தெரியாது. தெரியாதவரை எப்படிக் குற்றம் சொல்வது என்று கேட்டார். மாமி என்னைப் பார்த்தாள். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி உள்ளே போய், தான் போட்டு வைத்திருந்த வடகத்தை ஒரு டப்பாவில் கொண்டுவந்து மாமியிடம் கொடுத்தாள். அந்த வீட்டில் எப்போதும் நடந்தது இதுதான். தத்துவம் அவர் பேசுவார், வடகம் சித்தி கொடுப்பாள்.

ஆனால் ஒன்று. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிக் கலெக்டர் கையால் பரிசு வாங்கிய பையன் மட்டும் சாட்சாத் சித்தப்பாவேதான். அந்தப் பையனுக்கும் இவருக்கும் நடுவில் ஒரு செல் கூட மாறவில்லை. கல்லூரி நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவரும் இவரே. வடகத்தைக் கரைத்தவர், அத்தையின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரோடு சண்டை போட்டவர், ஸ்கூட்டரைப் பின்னால் எடுத்துப் பால் பாக்கெட் கூடையை நசுக்கியவர் எல்லாம் வெவ்வேறு மனிதர்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது சித்தப்பா கொஞ்சம் வருத்தத்தோடு பேசுவார். பக்கத்து ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

எங்கள் கட்டட வாசல் படியில் ஒரு பூக்காரம்மா உட்காருவாள். ஒரு மழைக்காலத்தில் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்து, கேட்டுக்கு உள்ளே தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொள், யார் கேட்டாலும் என் பெயரைச் சொல் என்று சித்தப்பா தாராளமாகச் சொன்னார். நான் கூட இருந்தேன். அடுத்த வருடம் அவரே குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆனார். முதல் வேலையாகத் தாழ்வாரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று போர்டு மாட்டினார். மழை வந்ததும் பூக்காரம்மா வந்து நின்றாள்.

"இன்னா சார், நீதான குந்திக்கோன்னு சொன்ன?"

அது போன மழைக்கு இருந்தவர் சொன்னது என்றார் சித்தப்பா.

பூக்காரம்மா தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைச் சரி செய்துகொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த ஆளு நல்ல ஆளு சார். இப்போ எங்க கீறாரு, சொல்லு. அவராண்ட பேசிக்கிறேன்."

சித்தப்பா அவளுடைய கேள்வி ரொம்ப ஆழமானது என்று பாராட்டிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டார். அவள் எதிர்ச் சாரிக்குப் போய் மெட்ரோ வேலைக்காக வைத்திருந்த தடுப்புக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்தாள்.

இந்த உலகத்துச் சித்தப்பா இவ்வளவு. இன்னொரு உலகத்துச் சித்தப்பாவும் உண்டு.

அடையாற்றில் வேறொரு சொற்பொழிவில் அவர் அதைப் பிடித்தார். நடந்தது ஒன்றுதான், நடந்திருக்கக்கூடியது ஆயிரம், அந்த ஆயிரம் உலகத்திலும் ஒவ்வொரு நாம் இருக்கலாம் என்று ஒரு பேராசிரியர் பேசினாராம். சித்தப்பா அன்று நடந்தே வீட்டுக்கு வந்தார். அவ்வளவு சந்தோஷம். இளமையில் அவருக்குப் பம்பாயில் ஒரு பெரிய கம்பெனியில் இன்டர்வியூ வந்ததாம். ரயில் ஏற வேண்டிய சனிக்கிழமை அவருடைய அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாளாம். ஜலதோஷம் பிடித்து, ஜுரம் வந்து, போகவில்லை. அந்த எண்ணெய்க் குளியல் மட்டும் இல்லாதிருந்தால் பம்பாய், பம்பாயிலிருந்து அமெரிக்கா, அமெரிக்காவில் ஏரிக்கரையில் வீடு. அது வரைக்கும் எல்லோரும் சொல்கிற புலம்பல்தான். சித்தப்பா அதை நிகழ்காலத்தில் பேச ஆரம்பித்தார். "அங்கே நான் இன்னிக்கு ஒரு மீட்டிங்ல பேசறேன்" என்பார். "அங்கே எனக்கு சுகரே இல்லை" என்பார். சீப்பு வாழைப்பழம் வாங்கப் போய் மறந்து வந்தாலும், அங்கே இருக்கிற அவர் எதையும் மறப்பதில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்வார்.

ஒரு தடவை, அங்கே தன் காப்பியைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னார். இங்கே சித்தி டம்ளரைக் கையில் கொடுத்து, குடித்த டம்ளரைக் கையில் வாங்க வேண்டும். "அவரை ஒரு மாசம் இங்கே அனுப்புங்கோளேன், எனக்கும் இடுப்பு வலிக்கறது" என்றாள் சித்தி. அவர் சிரிக்கவில்லை. அங்கே இருப்பவருக்கு நேரமே கிடையாது என்றார்.

நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுகொண்டது இதுதான்: செய்த கெட்டதெல்லாம் வேறு யாரோ செய்தது, செய்யாத நல்லதெல்லாம் அவர் செய்தது. இப்படி ஒரு ஏற்பாட்டில் ஒரு மனிதர் எவ்வளவு நிம்மதியாக வாழலாம் என்பதற்கு அவருடைய தூக்கமே சாட்சி. இதுவரை இது வேடிக்கை. வேடிக்கை நின்றது பாச்சு மாமா விஷயத்தில்.

பாச்சு மாமா சித்தியின் தம்பி. ஐம்பதை நெருங்கிவிட்டார், ஆனால் தனியாக வாழ முடியாது. பிறந்ததிலிருந்தே அப்படி. தினம் காலையில் பால் வாங்கி வருவார், சில்லறை பார்த்து வாங்கத் தெரியாது. அவரோடு இருப்பது சுலபம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். டிவியைத் தெருக்கோடி வரை கேட்கும்படி வைப்பார். கேட்டதையே கேட்பார். தட்டில் உள்ள முறுக்கு தீரும் வரை எழுந்திருக்க மாட்டார். கதவைத் தாழ் போட்டோமா என்று படுத்த பிறகு எழுந்து எழுந்து பார்ப்பார். கோட்டூர்புரத்தில் ஒரு வாடகை வீட்டில் அவரும் அவருடைய அப்பாவும் இருந்தார்கள். அம்மா முன்பே காலமாகிவிட்டாள்.

சித்தியைப் பெண் பார்க்க எங்கள் வீட்டார் போனது அந்த வீட்டுக்குத்தான். அப்பா பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். சித்திக்கு அதற்கு முன்னால் வந்த வரன்கள் எல்லாம் தம்பியைப் பார்த்ததும் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று கிளம்பியவர்கள். அதனால் அன்று சித்தி தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாளாம். அப்பா அம்மாவுக்குப் பிறகு என் தம்பி என்னோடுதான் இருப்பான், சம்மதம் என்றால் மற்றதைப் பேசலாம் என்று மாப்பிள்ளையைப் பார்த்தே சொன்னாளாம். அந்தக் காலத்தில் பெண்கள் அப்படிப் பேசுவது வழக்கமில்லை. வாயில் சொஜ்ஜியோடு இருந்த சித்தப்பா, "இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? அவன் எனக்கும் தம்பிதான்" என்றாராம். சித்தியின் அப்பா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் என் அப்பாவுக்குத் தம்பியைப் பற்றிப் பெருமையாக இருக்கும்.

சித்தியின் அப்பா போன வருடத்துக்கு முந்தைய வருடம் போனார். பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்து, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்திருந்தோம். பாச்சு மாமாவின் துணிகளை எடுத்து வைக்கலாமா என்று சித்தி சாதாரணமாகக் கேட்டாள். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

அந்த வாக்கைக் கொடுத்தவன் இருபத்தெட்டு வயதுப் பையன் என்றார் சித்தப்பா. அவனுக்கு ரத்த அழுத்தம் இல்லை, மத்தியானத் தூக்கம் தேவையில்லை, சத்தம் பொறுத்துக்கொள்வான். அவன் நல்ல பையன்தான், ஆனால் அவன் இப்போது இல்லை. இல்லாதவன் கொடுத்த வாக்குக்கு, அவன் கையெழுத்தைக் கூடப் போட வராத தன்னைப் பிடித்தால் எப்படி? திருவான்மியூர் தாண்டி ஒரு நல்ல இல்லம் இருக்கிறது, கடல் காற்று வரும் என்றும் சொன்னார். ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார்.

அப்பா, "ஏண்டா, மனுஷனாடா நீ" என்றார். பாச்சு மாமா கடைசி அப்பத்தை எடுத்துக்கொண்டிருந்தார். சித்தி தன் கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் வந்து நிற்கும்போது, யார் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து சித்தி அவரை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. "சார், காப்பி." "சார், உங்களுக்கு போன்." விருந்தாளிகளுக்கென்று அலமாரியில் வைத்திருந்த பீங்கான் கோப்பையில்தான் அவருக்குக் காப்பி. அவருடைய படுக்கை கூடத்துக்கு வந்தது. தெரியாத ஆண்பிள்ளையோடு ஒரே அறையில் எப்படி என்று சித்தி என் அம்மாவிடம் நிஜமான கூச்சத்தோடு கேட்டாள். பாதி நாள் கோட்டூர்புரத்தில் தம்பியோடு தங்கிவிட்டு, அங்கிருந்தே மந்தைவெளியில் தான் வேலை பார்த்த பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனாள். மற்ற நேரத்தில் பாச்சு மாமாவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா இதை ஒரு பெண்ணின் ஊடல் என்று எடுத்துக்கொண்டு, மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, பொறுமையாக இருந்தார். அங்கே இருக்கிற சித்தி ரொம்ப சாது என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

இதற்கிடையில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. கோட்டூர்புரத்து வீட்டுக்காரர், கட்டடத்தை இடிக்கப் போவதாகவும் தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அதே தை மாதத்தில் சித்தப்பாவுக்கு அறுபது முடிந்தது.

அறுபதாம் கல்யாணத்தை விமரிசையாகச் செய்ய வேண்டும் என்பதில் சித்தப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. மண்டபம், நாதஸ்வரம், இலையில் இரண்டு பாயசம். அறுபது வருடமும் வாழ்ந்து முடித்தவர் ஒரே ஆள்தானா என்று என் அம்மா கேட்டாள். கொண்டாட்டத்துக்கு மட்டும் ஒரே ஆள் என்று சித்தப்பா சிரித்தார். பத்திரிகை அச்சாகி வந்தது. சித்தியிடம் நீட்டியபோது வாங்கிப் படித்துவிட்டு, என் அப்பாவிடம் பேச வேண்டும் என்று மாடிக்கு வந்தாள்.

"அண்ணா, எனக்குத் தாலி கட்டினவர் இப்போ இல்லைன்னு இவரே சொல்லிட்டார். அப்போ இது அறுபதாம் கல்யாணம் இல்லை. இவரோட எனக்கு இதுதான் முதல் கல்யாணம். முறைப்படி பொண்ணு பார்க்க வரச் சொல்லுங்கோ."

அப்பா அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தார். அம்மா நினைக்கவில்லை. நான் சித்தியோடு படியிறங்கிப் போகும்போது, இதெல்லாம் எதற்கு, பேசாமல் பாச்சு மாமாவை அழைத்து வந்துவிடு, அவர் என்ன செய்துவிடுவார் என்று கேட்டேன். சித்தி படியிலேயே நின்றாள்.

"கூட்டிண்டு வரலாம்டி. அதுக்கப்புறம் பாச்சு வாழ்நாள் பூரா அந்தாத்துல இவர் தயவுல இருப்பான். டிவி வைக்கறதுக்கு மூஞ்சியைப் பார்ப்பான். எனக்கு இவரை விட்டுட்டுப் போகணும்னு ஆசையில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கழுத்தை நீட்டினேன். அது இருக்கா, இல்லையா? எனக்குத் தெரிஞ்சாகணும்."

எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன சொல்வது? முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்த மனைவியைப் பெண் பார்க்க நல்ல நேரம் எது என்று அப்பா வாத்தியாருக்கு போன் செய்தார். வாத்தியாரும் பஞ்சாங்கம் பார்த்து, புதன்கிழமை ராகு காலத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், அஷ்டமி வருகிறது, வியாழக்கிழமை வேண்டாம் என்றார். செய்தி உறவுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் பரவி, எல்லோரும் லீவு போட்டார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு முன்னால் குடும்பம் போடுகிற கேலி நாடகம் என்று அவர்கள் நினைத்தார்கள். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார். பட்டு வேட்டி கட்டி, மீசைக்கு மை பூசி, தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு கோட்டூர்புரத்து வீட்டுக்கு மாப்பிள்ளை நடையில் வந்தார். தன்னைச் சுற்றி ஏதாவது நடந்தால் அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு.

அந்தச் சின்னக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தோம். பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று அத்தை கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். பாச்சு மாமா வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். சித்தி அரக்குப் புடவையில், நரைத்த தலையில் மல்லிகையோடு, தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அத்தை மகன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சித்தி சித்தப்பாவுக்கு முன்னால் தட்டை வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"என் தம்பி என்னோடதான் இருப்பான். சம்மதமா?"

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அப்போதுதான் சிலருக்கு இது நாடகம் இல்லை என்று தெரிந்தது. என் அப்பா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொல், ஒரு வார்த்தைதான், சொல்லித் தொலை என்று என் மனசு அடித்துக்கொண்டது. அந்த நிமிடத்தில் நான் அவர் பக்கம்தான் இருந்தேன். அவர் சொல்லிவிட்டால் போதும், வடகத்தை மறந்துவிடலாம், பூக்காரம்மாவை மறந்துவிடலாம் என்றிருந்தது.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்தார். சபாவில் பேச எழுந்தவர் மாதிரித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரின்னு சொல்றது ரொம்ப சுலபம். ஆனா அடுத்த வருஷம் இருக்கப்போற ஆள் யாரோ, எப்படியோ. அவனுக்காக இன்னிக்கு நான் எப்படி வாக்குக் குடுக்கறது? அது நேர்மையில்லை பாரு."

நேர்மை என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

சித்தி தலையாட்டினாள். "ரொம்ப சரி. அடுத்த வருஷம் யார் இருப்பான்னு உங்களுக்கே தெரியலை. தெரியாதவருக்கு நான் எப்படிக் கழுத்தை நீட்டறது?" பிறகு என் அப்பா பக்கம் திரும்பினாள். குரல் அப்படியே சம்பந்தி மரியாதைக்கு மாறிவிட்டது. "எல்லாரும் சிரமப்பட்டு வந்தேள். சந்தோஷம். நாங்க கலந்து பேசிட்டு லெட்டர் போடறோம்."

அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். சித்தப்பா சிரிக்க முயன்றார். கூடச் சிரிக்க யாரும் இல்லாததால் பாதியில் நிறுத்தினார். ஒரு பஜ்ஜியை எடுத்தார், திருப்பி வைத்தார். கடைசியில் எழுந்து செருப்பைத் தேடினார். பாச்சு மாமா வாசல் வரை போய், அவருக்கும் கை கொடுத்து, "போயிட்டு வாங்கோ சார்" என்று வழியனுப்பினார். அக்கா கூப்பிடுகிற மாதிரியே அவரும் கூப்பிட்டார். வேறொன்றும் இல்லை.

மண்டபத்தில் ஹோமம் மட்டும் நடந்தது. சித்திக்கு உடம்பு சரியில்லை என்று வந்தவர்களிடம் அப்பா சொன்னார். தம்பதியாக உட்கார வைத்துத் தலையில் கலச தீர்த்தம் ஊற்ற வேண்டிய இடத்தில் சித்தப்பா தனியாக மணையில் உட்கார்ந்திருந்தார். தை மாதக் குளிரில் ஒவ்வொருவராகப் போய் ஊற்றினோம். இரண்டு பாயசமும் மீந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இன்னும் ஒரு குடம் ஊற்றலாம் போலவும் இருந்தது.

சித்தியும் பாச்சு மாமாவும் திருவான்மியூரில் கோயிலுக்குப் பின்புறம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சின்ன வீடு. டிவி சத்தம் தெருவிலேயே கேட்டு வழி கண்டுபிடிக்கலாம்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். நான் அடையாற்றுக்குக் குடிவந்துவிட்டதால் முன்போல் அடிக்கடி பார்ப்பதில்லை. இளைத்திருந்தார். சட்டைப் பித்தான் ஒன்று இல்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பறையின் கதவைத் திறந்தார். சைக்கிளும் மேஜையும் இல்லை. ஒரு கட்டில் மட்டும் போட்டு, மேலே உறை மாற்றிய தலையணை வைத்திருந்தது. ஒரு கணம் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மனிதர் மாறிவிட்டார், சித்தியைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான்.

"அமெரிக்கா இல்லை, இது வேற ஒரு உலகம். அங்கே நான் அன்னிக்கு சரின்னு சொல்லிட்டேன், தெரியுமோ?" என்றார், ரகசியம் போல. "பாச்சு இந்த ரூம்லதான் இருக்கான். டிவி சத்தமா வைக்கறான். நான் ஒரு வார்த்தை சொல்றதில்லை. ராத்திரி கதவைத் தாழ் போட்டாச்சுடா, படுத்துக்கோன்னு நான்தான் சொல்றேன்."

கண் கலங்கியிருந்தது. தன்னுடைய பெருந்தன்மையை நினைத்து அவருக்கே தாங்கவில்லை. ஒரு பஸ் ஏறினால் திருவான்மியூர். இங்கேயே அதைச் சொல்ல இப்போதும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை என்று சொன்னேன். இங்கே தனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்றார். கட்டில் எதற்கு என்று கேட்டேன். அங்கே போட்டிருக்கிறது, அதனால் இங்கேயும் போட்டுப் பார்த்தேன் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது. நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, இதை உன் சித்தியிடம் சொல், அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார்.

நான் நேரே திருவான்மியூர் போனேன். சித்தி அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாச்சு மாமா உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்துக்கு மேல் கத்தி எல்லாவற்றையும் சொன்னேன், கட்டிலையும் தலையணையையும் கூட. இவள் அழுவாளோ என்று பயந்துகொண்டே சொன்னேன். சித்தி கடைசி வரை கேட்டாள். முகத்தில் உண்மையாகவே கவலை வந்தது.

"அப்போ அங்கே இருக்கிற நான் இன்னும் அவருக்கு டம்ளரைக் கையில குடுத்துக் கையில வாங்கிண்டு இருக்கேன்னு சொல்லு" என்றாள். "பாவம்டி அவ."